கன்னி ராசிக்கு வரவு

கிட்வாய் நகர்,
புது தில்லி.
15.6.1997

அன்பு மகள் அகல்யாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் உன் பிள்ளைகள் இருவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கப் பெருமாள் துணை இருக்கட்டும். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டால் அதைச் சொல்லத்தான் காலையிலிருந்து உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருக்கிறேன். எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் எழுதுகிறேன், உன் அம்மா வந்து பார்த்துவிட்டு இந்த ஞாயித்துக்கிழமையும் எனக்குக் குப்பை பொறுக்குற வேலைதானா என்று கேட்டுவிட்டுப் போனாள். ஊரில் லூ காற்று அனலாக வீசுகிறது, ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை, கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, கூலருக்கு ஊற்றத் தண்ணீர் பிடித்து வைப்பதற்குள் குழாய் நின்றுவிடுகிறது. அடுத்த மார்ச்சில் எனக்கு ரிடையர்மென்ட், அதற்கப்புறம் இந்தச் சர்க்கார் குவார்ட்டர்ஸை விட வேண்டும், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் எங்கே வீடு பார்ப்பது என்று ஒரு பக்கம் மண்டைக் குடைச்சல். ஆனால் இருப்புக் கொள்ளாமல் நான் அலைவது இதற்கெல்லாம் இல்லை. மஹா விஷயமாக உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், அதைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

மே மாதம் நீ எழுதிய கடிதத்தில் இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். முதலாவது, லீவு முழுக்கப் பிள்ளைகளை டி.வி. முன்னால் உட்கார விடாதீர்கள், தினம் கொஞ்சமாவது கதைப் புத்தகம் படிக்க வையுங்கள், அதிலும் தமிழ் படிக்க வையுங்கள், நான் எழுதும் கடிதத்தை மஹா தானே படிக்க வேண்டும், நீங்கள் படித்துக் காட்டி அவள் கேட்டது போதும் என்று எழுதியிருந்தாய். இரண்டாவது, உன் வார்டில் இரண்டு நர்சுகள் வேலையை விட்டுப் போய்விட்டதால் இந்தக் கோடையில் உனக்கு லீவு கிடையாது, தீபாவளிக்குப் பார்க்கலாம் என்கிறார்கள், பிள்ளைகளிடம் இப்போது சொல்ல வேண்டாம் அப்பா, அழுவார்கள் என்று எழுதியிருந்தாய். சரி என்று முதலாவதைச் செய்தேன், இரண்டாவதை வாயை மூடிக்கொண்டு வைத்திருந்தேன். மஹா கேட்கும்போதெல்லாம் வருவாங்கம்மா வருவாங்க என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு பால் பூத்துக்குக் கிளம்பிவிடுவேன். இந்தச் சமயத்தில் நம் வீட்டில் தேவைக்கு மேல் பால் இருக்கிறது.

படிக்க வைத்த கதையைக் கேள். தமிழ்ச் சங்கத்து நூலகத்துக்குப் போய்ப் படம் போட்ட கதைப் புத்தகமாகப் பார்த்துப் பை நிறைய எடுத்து வந்தேன். காலை எட்டு மணிக்கு மேல் ஒரு மணி நேரம் படிப்பு என்று ஆபீஸில் சர்க்குலர் போடுவது மாதிரி ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டினேன். நான் ஆபீஸ் கிளம்பியதும் அந்தத் தாளைத் திருப்பி மதி அதில் ஹெலிகாப்டர் வரைந்துவிட்டான். மாடி வீட்டுப் பத்மநாபன் இருக்கிறாரே, உலகத்தில் எதற்கும் யோசனை வைத்திருப்பவர், பக்கத்துக்கு ஒரு டாஃபி கொடுங்க சார், தானா படிப்பாங்க என்றார். கொடுத்தேன். மதி ஒரே மூச்சில் புத்தகம் முழுக்கப் புரட்டிவிட்டுக் கையை நீட்டினான், புத்தகம் தலைகீழாக இருந்தது. மஹா அப்படி ஏமாற்றுகிற பிள்ளை இல்லை, முயற்சி செய்தாள், ஆனால் அவளுக்கு வேறு சங்கடம். அவள் படித்து வளர்ந்தது இந்தி எழுத்து, அதில் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓர் எழுத்து தனியாக இருக்கிறது, நம் ஆட்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ‘க’, ஒரே ‘ப’ என்று வைத்திருக்கிறார்கள். இது எந்தக் க தாத்தா, எந்தப் ப தாத்தா என்று வரிக்கு வரி நின்றாள். சொல்லைப் பார்த்தால் தானே தெரியும் என்றேன். சொல்லைத் தெரிஞ்சுக்கத்தானே படிக்கிறேன், முன்னாடியே தெரிஞ்சா எதுக்குப் படிக்கணும் என்றாள். முப்பத்து நாலு வருஷம் சர்க்கார் உத்தியோகத்தில் குதர்க்கம் பேசுகிறவர்களையே பார்த்து வந்திருக்கிறேன், இப்படி ஒரு கேள்வியை எந்த ஃபைலிலும் பார்த்ததில்லை. அத்தோடு புத்தகத்தை மூடிவிட்டு போர் ஹோ ரஹா ஹை என்று சலித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள், பையோடு புத்தகங்கள் கட்டிலுக்குக் கீழே போயின.

நான் தோற்ற இடத்தில் காலண்டர் ஜெயித்தது. கடலூரிலிருந்து உன் சித்தப்பா மகன் ரமேஷ்குமார் பொங்கலுக்கு வந்தபோது ஒரு நகைக்கடைக் காலண்டர் கொண்டு வந்தான், தினம் ஒரு தாள் கிழிப்பது, சமையல் கட்டு வாசலில் மாட்டியிருக்கிறது. ஒரு நாள் காலையில் உன் அம்மா கை நிறைய மாவோடு நின்றுகொண்டு, அமாவாசை இன்றைக்கா நாளைக்கா என்று தெரியாமல் மஹாவைக் கூப்பிட்டு அதில் என்ன போட்டிருக்கிறது பாரு என்றாள். அவளும் ஸ்டூலில் ஏறி எழுத்துக் கூட்டி அமாவாசையைக் கண்டுபிடித்துவிட்டாள். இறங்கியிருக்கலாம், இறங்கவில்லை. கீழே பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல் போட்டிருக்கும் பார், மேஷம் நலம், ரிஷபம் பகை என்று, அது அவள் கண்ணில் பட்டுவிட்டது. ஒரு ராசிக்கு ஒரே சொல், கதை கிடையாது, பக்கம் பக்கமாகக் கிடையாது, அதுவும் நம் வீட்டு ஆட்களைப் பற்றியது. அன்றைக்கு எனக்கு லாபம், அதை லாப்பம் என்று படித்தாள். உன் அம்மாவுக்குக் கோபம், அது கோப்பம் ஆயிற்று. உன் அம்மா, ஐயோ கோபமா, நான் யாரைக் கோபிச்சேன் என்று கோபமாகவே கேட்டாளா, பிள்ளைகள் இருவரும் தரையில் உருண்டு சிரித்தார்கள்.

அன்றிலிருந்து காலண்டர் கிழிப்பது மஹாவின் உத்தியோகம். பல் தேய்க்கும் முன்னால் ஸ்டூலில் ஏறிவிடுவாள். எந்தக் க எந்தப் ப என்ற சண்டை எங்கே போயிற்று என்றே தெரியவில்லை, சொல் வேண்டும் என்று ஆகிவிட்டால் எழுத்து தானாக வழிக்கு வந்துவிடும் போலிருக்கிறது. பத்மநாபனுக்கு மறதி என்று மாடிக்கு ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வருவாள், அவர் மறுபடியும் வீட்டுக்குள் போய்ப் பர்ஸை எடுத்துக்கொண்டு இறங்குவார். எதிர் வீட்டு நீலம் ஆன்ட்டி பஞ்சாபிக்காரி, தமிழில் ஒரு எழுத்து தெரியாது, அவளும் தன் பிறந்த மாதத்தைச் சொல்லிப் பத்மநாபனிடம் ஒரு ராசி வாங்கிக்கொண்டாள். தினம் காலையில் பால்கனியிலிருந்து பேட்டா மேரா க்யா ஹை என்று தன் பலனைக் கேட்டுக் குரல் கொடுப்பாள். ஒரு நாள் பகை என்று வந்தது, மஹா அதை ஆஜ் ஆப்கா ஜகடா ஹை, உங்களுக்கு இன்றைக்குச் சண்டை, என்று மொழிபெயர்த்துவிட்டாள், நீலம் ஆன்ட்டி அன்றைக்குக் காய்கறி வண்டிக்காரனிடம் வாயே திறக்காமல் சொன்ன விலைக்கு வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு போனாள். மதியும் சும்மா இல்லை, தனக்கு மட்டும் ராசி வேண்டாம், விமானம் வேண்டும் என்று தகராறு. தினம் உன் ராசியையும் மாப்பிள்ளை ராசியையும் கட்டாயம் படிப்பாள். உனக்குக் கன்னி ராசி என்பதை நான்தான் சொன்னேன். கன்னிக்கு அசதி என்று போட்டிருந்தால் அம்மாவுக்கு இன்னிக்கு நைட் டியூட்டி என்பாள், கன்னிக்குச் சுகம் என்றால் அம்மா தூங்குறாங்க என்பாள்.

காலண்டரோடு நிற்கவில்லை அகல்யா. அப்பளக் கட்டின் மேல் இருப்பது, ஊரிலிருந்து முறுக்கு சுற்றி வந்த தினசரித் தாள், உன் அம்மாவின் மூட்டு வலித் தைலம் என்று எழுத்து கண்ட இடமெல்லாம் படித்தாள். கட்டிலுக்குக் கீழே கிடந்த பை வெளியே வந்தது. மத்தியானத்தில் கதவை எல்லாம் சாத்தி இருட்டாக்கிக் கூலர் முன்னால் படுத்துக்கொண்டு ஒரு புத்தகம் முழுக்க முடித்தாள், டாஃபி கேட்கவில்லை. ஆபீஸில் நான் தலை நிமிர்ந்து நடந்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய், என் பேத்தி தமிழ் படிக்கிறாள் என்று சம்பந்தமே இல்லாத பிகார்க்காரரிடம் எல்லாம் சொன்னேன். உன்னிடம் சொல்லத்தான் அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும், இன்னும் நாலு புத்தகம் முடிக்கட்டும், சேர்த்துப் பெருமையாக எழுதலாம் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் சனிக்கிழமை. காலையில் எழுந்து பார்க்கிறேன், மஹா யாரும் சொல்லாமல் தானே குளித்து, போன வருஷம் நீ கொண்டு வந்த மஞ்சள் ஃபிராக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறாள், இடுப்பு இறுக்குகிறது, பின்னால் பொத்தான் போடவில்லை. மதிக்கும் தலை சீவி விட்டிருக்கிறாள், அவன் தலையில் இருந்த எண்ணெயில் நாம் இன்னும் ஒரு வாரம் அப்பளம் பொரிக்கலாம். ஏதோ விளையாட்டு என்று நாங்கள் கண்டுகொள்ளவில்லை. இருவரும் கீழே போய் நம் பிளாக் வாசல் படியில் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது, கூப்பிட்டால் வரவில்லை. இட்லியைக் கீழே கொண்டு போய்க் கொடுத்தாள் உன் அம்மா. மத்தியானம் அனல் வீச ஆரம்பித்துவிட்டது, ரோட்டில் ஒரு நாய் இல்லை, அப்போதும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் போய் அதட்டினேன், மஹா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் நீலம் ஆன்ட்டி ஒரு தட்டில் அல்வாவை மூடி எடுத்துக்கொண்டு படி இறங்கி வந்து, அகல்யா ஆ கயீ க்யா, வந்துவிட்டாளா என்று என்னைக் கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் மதி உடைத்துவிட்டான், அம்மா இன்னிக்கு வர்றாங்க தாத்தா, காலண்டர்ல போட்டிருக்கு, அக்கா முன்னாடியே பாத்துட்டா என்று.

நான் மேலே ஓடி வந்து பார்த்தேன். சனிக்கிழமைத் தாள். கன்னி, வரவு.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது, சிரித்துவிட்டேன். கீழே போய், கண்ணு, வரவுன்னா ஆள் வர்றது இல்லம்மா, பணம் வர்றது, ஆம்தனி, ஆம்தனி என்று சொன்னேன், தமிழுக்கு அர்த்தம் இந்தியில் சொல்கிற நிலைமை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நம் வீட்டுக் கதவில் நல்வரவு என்று ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறதே, ரங்கோலி போட்டது, அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் முன்பே உன் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள், வீட்டுக்கு வர்றவங்களை வாங்கன்னு சொல்றது என்று உன் அம்மாவும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். அதை வைத்துக்கொண்டு மஹா கேட்டாள், அப்ப வாசல்ல எதுக்கு ஒட்டியிருக்கீங்க, பணத்தையா கூப்பிடறீங்க என்று. கன்னி ராசிக்காரர்கள் உலகத்தில் கோடிப் பேர் இருக்கிறார்கள், எல்லோருக்கும் அதே சொல்தான் என்றேன். அப்ப எல்லார் அம்மாவும் வருவாங்க என்றாள். அதற்கு மேல் அவளிடம் சொல்வதற்கு என் கையில் உண்மை ஒன்றுதான் இருந்தது, அதைச் சொல்லாதே என்று நீ எழுதியிருக்கிறாய்.

சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். ஏர்போர்ட்டில் லேட் ஆகும், போன தடவையும் லேட் ஆச்சு என்று மதிக்குச் சமாதானம் வேறு. டாக்ஸி சத்தம் கேட்டால் எழுந்து நிற்பாள். நான் மாடிக்கும் கீழுக்கும் எத்தனை தடவை ஏறி இறங்கினேன் என்று தெரியாது, உன் அம்மா சமையல் கட்டில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதாள். விளக்கு வைக்கிற நேரத்தில் தானே மேலே வந்தாள். அழவில்லை, அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஃபிராக்கைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுச் சாப்பிட்டாள். படுக்கும்போது உன் அம்மாவிடம், தமிழ் பொய் சொல்லுது என்று மட்டும் சொன்னாளாம்.

மறுநாள் காலண்டரைக் கிழிக்கவில்லை. இன்றுவரை யாரும் கிழிக்கவில்லை, எனக்கும் கை வரவில்லை. நீலம் ஆன்ட்டி பால்கனியிலிருந்து கேட்டாள், மஹா உள்ளே போய்விட்டாள். புத்தகப் பை மறுபடியும் கட்டிலுக்குக் கீழே. போகட்டும், பிள்ளைகளுக்கு நாலு நாளில் மறந்துவிடும் என்று உன் அம்மா சொன்னாள், நானும் அப்படித்தான் இருந்தேன், நேற்று வரைக்கும்.

நேற்று ஆபீஸ் விடுமுறை, மத்தியானம் கண்ணயர்ந்து எழுந்தபோது பக்கத்து அறையில் மஹாவின் குரல் கேட்டது. மதிக்கு அரிச்சுவடியை வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள், தானே பெரிய டீச்சர் மாதிரி. எனக்கு உயிர் வந்தது, படிப்பை விடவில்லை என்று கதவோரம் நின்று கேட்டேன். ஆ ஆடு, இ இலை, ஈ ஈட்டி என்று போயிற்று. மதி முதல் பக்கத்துக்குத் திருப்பி, அக்கா இத விட்டுட்ட என்றான். அந்த அரிச்சுவடியில் அ என்றால் அம்மா, சேலை கட்டிக் குழந்தையை இடுப்பில் வைத்திருக்கிற படம், உனக்கும் அதே படம்தான் போட்டிருந்தது. அவள் புத்தகத்தை அவன் கையிலிருந்து பிடுங்கிப் பக்கத்தைத் திருப்பி, அது வேணாம், ஆ விலிருந்து படி என்றாள். அவன் விடவில்லை, அதுதான ஃபர்ஸ்ட் என்கிறான். அது வேணாம்னு சொன்னேன்ல என்று கத்தினாள், அவன் அழ ஆரம்பித்துவிட்டான். நான் உள்ளே போகவில்லை அகல்யா. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய் வெயிலில் சும்மா நடந்துவிட்டு வந்தேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நீ அங்கே சுகமாக உட்கார்ந்திருக்கிறாய் என்று நான் சொல்லவில்லை, பிறத்தியார் பிள்ளைகளுக்கு ஊசி போட்டுவிட்டு உன் பிள்ளைகளை நினைத்து நீ எத்தனை ராத்திரி விழித்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அழுவார்கள் என்று பயந்துதான் மறைக்கச் சொன்னாய், அதே பயத்தில்தான் நானும் மறைத்தேன். ஆனால் நான் மறைத்த இடத்தில் அவள் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறாள். இனிமேல் இது என்னால் ஆகாது. நான் சொல்லியும் பிரயோஜனம் இல்லை, வருவாங்க வருவாங்க என்று சொல்லி ஏமாற்றிய தாத்தா நான், என் பேச்சுக்கு இப்போது மதிப்பு கிடையாது. நீ எழுது. எனக்கு எழுதி அதில் கடைசியில் பிள்ளைகளுக்கு முத்தம் என்று போடுவாயே, அது வேண்டாம். அவளுக்குத் தனியாக எழுது, உறையில் செல்வி மஹாலட்சுமி என்று அவள் பெயர் போட்டு எழுது, தபால்காரர் கையிலிருந்து அவளே வாங்கட்டும். உன் கையெழுத்தை ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரிக் கோழி கிளறியதாக எழுதாமல் குண்டு குண்டாக, எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் எழுது. சின்னச் சின்னச் சொல்லாகப் போடு. செல்லமே கண்ணே என்று முதலில் ஒரு பக்கம் அளந்துவிட்டு விஷயத்தைக் கடைசியில் ஒளித்து வைக்காதே, அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசியைச் சொல், பிரஷர் மாத்திரையை மறக்காமல் போடச் சொல். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, நைட் டியூட்டி முடிந்ததும் வெறும் டீயோடு படுத்துக்கொள்ளாதே. பேரீச்சம்பழம் அனுப்ப வேண்டாம், இருக்கிறது. உங்கள் இருவரையும் பெருமாள் நன்றாக வைக்கட்டும், சீக்கிரம் ஒரே கூரையின் கீழ் நீங்கள் நாலு பேரும் இருக்க வேண்டும், அதைப் பார்த்துவிட்டால் எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். தேதி நிச்சயமாகத் தெரிந்தால் ஒழியத் தேதி போடாதே. தீபாவளிக்குப் பார்க்கலாம் என்றெல்லாம் எழுதாதே, பார்க்கலாம் என்பதற்கு அவள் வேறு அர்த்தம் வைத்திருப்பாள். இந்த லீவில் வரமாட்டேன் என்றால் வரமாட்டேன் என்றே எழுது அம்மா. அவள் படித்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
பூவராகவன்